எடையைப் பற்றி மகளிடம் பேசுவதா, பேசாமலே இருப்பதா?

#1 மாடிப்படி

நீண்ட பதிவு, மன்னிக்கவும். சுருக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

மகளுக்கு 13 வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போனவள் முக்கால் மணி நேரமாகியும் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. கதவைத் தட்டினேன். "இதோ" என்றாள். அப்புறமும் பத்து நிமிடம். வெளியே வந்தபோது பின்கழுத்து முழுக்கச் சிவந்து, இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது. கையில் பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்கிரப்பர். சமையலறையிலிருந்து அதை எப்போது எடுத்துப் போனாள் என்றே தெரியவில்லை.

விசாரித்ததில், பின்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "நீ குளிக்கவே மாட்டியா? கழுத்து இப்படிக் கறுத்துக் கிடக்கு?" இது நடந்து ஒரு மாதம் இருக்குமாம். அன்றிலிருந்துதான் முடியைத் தூக்கிக் கட்டுவதை விட்டிருக்கிறாள். நான் அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் சொன்னதைவிட என்னை உறுத்துவது வேறு. ஒரு வருடமாக நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "கழுத்தை நல்லா தேய்ச்சுக் குளிடி." ஒரு நாள் நானே பிடித்துத் தேய்த்தும் விட்டிருக்கிறேன்.

இவள் கொஞ்சம் பெரிய உடம்பு. கைக்குழந்தையாக இருந்தபோது "கொழுகொழுன்னு எவ்வளவு அழகு" என்று கன்னத்தைக் கிள்ளியவர்கள்தான் இப்போது "என்ன, உடம்பு போட்டுக்கிட்டே போறா?" என்கிறார்கள். அதே உடம்பு, அதே வாய். எந்தப் பிறந்தநாளில் பாராட்டு குற்றச்சாட்டாக மாறியது என்று தெரியவில்லை.

இன்னொன்று. கைபேசியைத் தேடிப் பார்த்தேன். கடந்த இரண்டு வருடத்தில் அவள் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாப் படத்தையும் அவளே எடுத்திருக்கிறாள். "நான் எடுக்கிறேன், நீங்க நில்லுங்க" என்று முந்திக்கொள்வாள். உதவி செய்கிறாள் என்று நினைத்திருந்தோம்.

இப்போது என் கேள்வி. எடையைப் பற்றி இவளிடம் பேசினால் காயப்படுவாள். பேசாமல் விட்டால் நாளைக்கு உடம்புக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய_குண்டன்

படம் எடுப்பவள் என்ற இடத்தில் நின்றுவிட்டேன் அக்கா. எனக்கு 34 வயது. எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை என் முகம் எந்தப் படத்திலும் இல்லை. வகுப்புப் படத்தில் மட்டும் இருக்கிறது, அதிலும் கடைசி வரிசையில் ஒருவன் தோளுக்குப் பின்னால் பாதி.

பையன்களுக்கு வேறு சில வித்தைகள் உண்டு. பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பது. சட்டை வயிற்றில் ஒட்டும்போது இரண்டு விரலால் துணியைக் கிள்ளி முன்னால் இழுத்து விடுவது. இன்றைக்கும் ஒரு அறைக்குள் நுழையும்போது என் கை தானாக அதைச் செய்கிறது, மனைவி சொல்லித்தான் தெரியும். எவ்வளவு வெயிலானாலும் சட்டைக்குள் இரண்டு பனியன். காரணம், நெஞ்சு. "உனக்கு எந்த சைஸ் வாங்கணும்?" என்று கேட்டு ஒருவன் சிரித்த நாளோடு நீச்சல் முடிந்தது. நீச்சல் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்புறம் ஜோக். 14 வயதில் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன்: அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். பெஞ்சில் உட்காரும் முன் "எல்லாரும் எழுந்திருங்க, உடையப் போகுது" என்பேன். வகுப்பே சிரிக்கும். "இவன் ஜாலியான பையன், எதையும் மனசுல வச்சுக்க மாட்டான்" என்று ஆசிரியர்கள் அம்மாவிடம் சொன்னார்கள். அந்த ஜாலியான பையன் இரவு பதினோரு மணிக்குச் சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்று, சத்தம் வராமல் இருக்க பிஸ்கட் பாக்கெட்டை ஓர் ஓரத்திலிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கிழிப்பான். பசி இருக்காது. பகலில் எல்லோர் முன்னாலும் குறைவாகத் தின்று காட்டியதற்கு அது ஈடு.

பெண்ணிடம் பேசுங்கள். ஆனால் எடையில் ஆரம்பிக்காதீர்கள். கழுத்தில் ஆரம்பியுங்கள், அதுவும் மன்னிப்பில்.

#3 இரவுப்பணி

குழந்தைகள் பிரிவில் 19 வருடமாகச் செவிலியர். முதலில் கழுத்து.

அது அழுக்கு இல்லை. பின்கழுத்து, அக்குள், சில சமயம் விரல் கணுக்கள் இங்கெல்லாம் தோல் கறுத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் மாதிரி இருந்தால் அதற்கு அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். பெரும்பாலும் ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி ஓடுவதன் அடையாளம். உடல் செல்கள் இன்சுலின் பேச்சைச் சரியாகக் கேட்காதபோது கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின் தோல் செல்களை வேகமாகப் பெருக வைக்கிறது. வயதுக்கு வரும் பருவத்தில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு கொஞ்சம் கூடும் என்பதால், இந்த வயதில் இது கண்ணில் படுவது சகஜம்.

தேய்த்தால் போகாது. தேய்க்கத் தேய்க்கத் தோல் இன்னும் தடிக்கும். உள்ளே இன்சுலின் குறைந்தால் மாதக்கணக்கில் மெல்ல வெளிறும். புண்ணான இடத்தை முதலில் ஆறவிடுங்கள். சோப்பு, எலுமிச்சை, பேக்கிங் சோடா எதுவும் வேண்டாம். மருத்துவரைப் பார்த்து சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் தாறுமாறாக வருகிறதென்றால் அதையும் சொல்லுங்கள், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இதோடு சேர்ந்து வரும்.

நான் பார்த்த வரையில், கழுத்துக் கருப்போடு வரும் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேராவது "நல்லா குளி" என்று திட்டு வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். நீங்கள் தனி ஆள் இல்லை.

இன்னொரு விஷயம். இணையத்தில் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) கணக்குப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களுக்கான 25, 30 என்ற எல்லைகள் 13 வயதுக்குப் பொருந்தாது. வளரும் பிள்ளைக்கு வயதையும் பாலினத்தையும் வைத்து வளர்ச்சி அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். 5 முதல் 19 வயது வரைக்கான உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை 2007-இல் வந்தது. மருத்துவர் அதில் புள்ளி வைத்துக் காட்டுவார்.

#4 நேர்ப்பேச்சு

எல்லோரும் திட்டப் போகிறீர்கள், பரவாயில்லை. பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம். குண்டாக இருப்பவனைக் குண்டு என்று சொன்னால் குற்றம் என்றால் உண்மையை யார் சொல்வது? என்னை அப்பா சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் திட்டுவார். "அந்தத் தட்டையும் சேர்த்துத் தின்னு" என்பார். ரோஷம் வந்தது, ஓடினேன், 19 வயதில் 22 கிலோ குறைத்தேன். ரோஷம் இல்லாமல் யாரும் எதையும் சாதிப்பதில்லை.

#5 புள்ளிவிவரப்_பித்து

நேர்ப்பேச்சு, உங்களைத் திட்டப் போவதில்லை. ரோஷம் என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கருத்து, பார்த்தும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமிகளை 10 வயதிலிருந்து 19 வயது வரை தொடர்ந்து கவனித்த தரவு ஒன்று இருக்கிறது. 10 வயதில் அவர்களிடம் ஒரு கேள்வி: "நீ ரொம்ப குண்டு என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?" அம்மா, அப்பா, உடன்பிறப்பு, தோழி, ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி. "ஆமாம்" என்ற பெண்களுக்கு 19 வயதில் உடல் பருமன் இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. 10 வயதில் இருந்த எடையைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அப்படித்தான். 2014-இல் வெளியானது. இது தொடர்பு மட்டும்தான், இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சொன்னால் இளைப்பார்கள் என்ற கருத்துக்கு இதில் ஓர் ஆதரவும் இல்லை.

ரோஷத்தைப் பற்றி இன்னொரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின்படி 1990-இல் 5 முதல் 19 வயதினரில் 2 சதவீதம் பேருக்கு உடல் பருமன் இருந்தது. 2022-இல் 8 சதவீதம், அதாவது 16 கோடிப் பேர். முப்பத்திரண்டு வருடத்தில் உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் ரோஷம் வற்றிப்போனதா? மாறியது அவர்களைச் சுற்றி இருப்பது: உணவு, தூக்கம், திரை, நடக்க இடமில்லாத தெரு. அதே சூழலில் யாருக்கு எடை ஏறும், யாருக்கு ஏறாது என்பதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு. டென்மார்க்கில் தத்து கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரைப் பார்த்த 1986-ஆம் ஆண்டு ஆய்வில், அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது, வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டும்.

இகழ்ச்சி எவ்வளவு பழையது என்று பார்க்க ஒரு சின்ன ஆய்வு. 1961-இல் அமெரிக்கச் சிறுவர்களிடம் ஆறு படங்களைக் கொடுத்து, பிடித்த வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். ஒரு குறையும் இல்லாத குழந்தை, ஊன்றுகோலோடு ஒன்று, சக்கர நாற்காலியில் ஒன்று, ஒரு கை இல்லாத ஒன்று, முகத்தில் வடுவோடு ஒன்று, பருமனான ஒன்று. கடைசி இடம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அதே படங்களை வைத்து இன்னொரு தலைமுறைப் பிள்ளைகளிடம் கேட்டு 2003-இல் வெளியிட்டார்கள். பருமனான குழந்தையின் மேல் வெறுப்பு கூடியிருந்தது. பருமனான பிள்ளைகள் பெருகப் பெருக ஏற்பும் பெருகும் என்று நினைப்போம். நடந்தது நேர்மாறு.

#6 நிர்வாகி

எடை குறைக்கும் பொடி பற்றிய மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. நான்காவது வந்தால் கணக்கும் நீக்கப்படும்.

#7 பதினொன்றாம்_வகுப்பு

எனக்கு 16 வயது. இங்கே படிப்பேன், எழுதியதில்லை. எல்லோரும் பெரியவர்களாக இருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஆன்ட்டி, உங்கள் மகளுக்கு எடை கூடியிருப்பது அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் நுழையும்போது தெரியும். துணிக்கடையில், ஆள் என்ன கேட்கிறாள் என்று காதில் வாங்கும் முன்னாலேயே "உங்க சைஸ் இங்க வராதும்மா" என்று சொல்லும்போது தெரியும். ட்ரையல் ரூமில் ஒரு சட்டை பாதியில் மாட்டிக்கொண்டு, மேலேயும் வராமல் கீழேயும் வராமல், வெளியே அம்மா "ஆச்சா?" என்று கேட்கும்போது நன்றாகவே தெரியும். தொடை உரசிப் புண்ணாகி மாலையில் காலை அகட்டி நடக்கும்போது தெரியும். (அதற்கு உள்ளே சைக்கிள் ஷார்ட்ஸ் போடலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது. உங்கள் மகளுக்குச் சொல்லிவிடுங்கள்.)

போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துக் கிடந்தேன். எழுந்து வந்தபோது எல்லோரும் "அட, இளைச்சிட்டியே, சூப்பரா இருக்க!" என்றார்கள். வாந்தி எடுத்துக் கிடந்ததற்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாராட்டு. சரி, இதுதான் வழி என்று நினைத்து மதியச் சாப்பாட்டை நிறுத்தினேன். டப்பாவை அப்படியே தோழிக்குக் கொடுத்துவிடுவேன். பிறகு காலையிலும் நிறுத்தினேன். நான்கு மாதம். பிரேயரில் மயங்கி விழுந்தேன். அப்போதும் ஒரு ஆசிரியர் "நல்லா சாப்பிடுற பொண்ணுதானே, எப்படி மயக்கம்?" என்று கேட்டார். ஒல்லியான பெண் விழுந்திருந்தால் சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். கூடினாலும் சொல்லாதீர்கள், குறைந்தாலும் சொல்லாதீர்கள். குறைந்ததற்குப் பாராட்டினால், அதற்கு முன்னால் இருந்த நான் பிடிக்காதவள் என்று ஆகிறது.

#8 இரவுப்பணி

பதினொன்றாம் வகுப்பு, எழுதியதற்கு நன்றிம்மா. வீட்டில் ஒருவருக்காவது இது தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே சொல்லு. மயக்கம், எப்போதும் குளிர்வது, மாதவிடாய் நிற்பது, எழுந்தால் கண் இருட்டுவது இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் நாடித்துடிப்பும் ரத்தத்தில் உப்புகளும் பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு: நிறைய எடையிலிருந்து வேகமாக இறங்கும் பிள்ளைக்கும், சாப்பாட்டைத் தவிர்த்துக்கொண்டே போகும் பட்டினி நோய் (அனோரெக்சியா) வரும். எடை இன்னும் சராசரிக்கு மேலேயே இருந்தாலும் இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கும். மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் 2013 பதிப்பில் இதற்குத் தனியாகவே ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள். தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறோம். காரணம் இந்தப் பெண் சொன்னதேதான்: பார்த்தால் பட்டினி கிடக்கிறவள் மாதிரி தெரியாது, கூடவே எல்லோரும் கை தட்டிக்கொண்டிருப்பார்கள்.

#9 விசில்

நான் பி.டி. மாஸ்டர். ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் எடை பார்ப்போம். வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவராக ஏறச் சொல்லி, நான் எண்ணைச் சத்தமாகச் சொல்வேன், வகுப்புத் தலைவன் நோட்டில் எழுதுவான். இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும், சிரிப்பில் அவனுக்குக் கேட்காது. ஒரு பையன் அந்த நாளில் மட்டும் தவறாமல் லீவு போடுவான். மூன்றாவது வருடம்தான் எனக்கு உறைத்தது.

இப்போது தராசை ஓர் அறைக்குள் வைத்து, ஒருவர் ஒருவராக, முதுகைக் காட்டி ஏறச் சொல்கிறேன். எண் எனக்கு மட்டும். இதில்கூட எனக்குச் சந்தேகம் உண்டு, இந்த எடை பார்ப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று. கலிஃபோர்னியாவில் பள்ளியில் எடை பார்த்து வீட்டுக்கு அறிக்கை அனுப்புவதை முறையாகச் சோதித்தார்கள், முடிவு 2021-இல் வந்தது. அறிக்கை போன பிள்ளைகளின் எடை குறையவில்லை. உடம்பின் மேல் அதிருப்திதான் கூடியிருக்கலாம் என்றார்கள்.

அணி பிரிப்பதும் அப்படித்தான். இரண்டு கேப்டன்களை நிறுத்தி மாறி மாறித் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கடைசியில் நிற்பது யார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அவனுக்கும் தெரியும். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்தால் முப்பது நொடியில் வேலை முடிகிறது. பதினைந்து வருடம் இது ஏன் தோன்றவில்லை!

ஓட்டத்தில் கடைசியாக வருபவனுக்கு எல்லோரும் நின்று கை தட்டச் சொல்வேன், ஊக்கப்படுத்துவதாக நினைத்து. ஒரு பெண் பிறகு சொன்னாள்: "சார், அந்தக் கைதட்டல்தான் ரொம்ப மோசம்." இப்போது சுற்றுக் கணக்கை விட்டுவிட்டேன். பத்து நிமிடம் எல்லோரும் ஓடலாம், நடக்கலாம், விசில் அடித்ததும் எல்லோரும் நிற்கலாம். கடைசி என்று ஒருவர் இருக்க மாட்டார்.

#10 இரண்டு_தட்டு

இதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அக்கா பெரிய உடம்பு, நான் ஒல்லிக்குச்சி. ஒரே மேசையில் அவளுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம். எனக்கு இனிப்பு, அவளுக்கு "உனக்கு வேண்டாம்". நான் பாதியைக் கைக்குள் மறைத்து அவளுக்குக் கொண்டு போவேன். அவள் அதை அழுதுகொண்டே தின்பாள். அன்புதான் என்று நினைத்தேன், ஆனால் அவளுக்குத் திருட்டுத்தனமாகத் தின்னக் கற்றுக்கொடுத்தவளும் நானே. மாற்றுவதென்றால் முழு வீட்டுக்கும் மாற்றுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

#11 சைக்கிள்_அப்பா

மாடிப்படி அவர்களுக்கு நேரடியான பதில் இல்லை. ஆனால் பெரிய உடம்புப் பிள்ளை வீட்டில் இருக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மகனுக்கு 12 வயது. முட்டி வலி என்றான். ஒரு மருத்துவர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு "எடையைக் குறைங்க, சரியாகிடும்" என்றார். இரண்டு மாதம் கழித்து இன்னொருவரிடம் போனோம், அவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை, அதே வாக்கியம். நாங்களும் நம்பினோம். வலிக்கிறது என்று அவன் நொண்டிக்கொண்டு வந்தபோது மாலையில் நடக்கக் கூட்டிப் போனேன். "நடந்தாத்தான் குறையும்" என்று அதட்டினேன். பாவி.

ஒரு நாள் சைக்கிளில் ஏறும்போது அவன் வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பி நிற்பதைக் கவனித்தேன். கட்டிலில் படுக்க வைத்து முட்டியை மடக்கினால் கால் நேராக மேலே வராமல் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு போனது. மூன்றாவது மருத்துவர் முட்டியைத் தொடவே இல்லை, இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். தொடை எலும்பின் பந்து முனை, வளரும் குருத்தெலும்பு இருக்கும் இடத்தில் வழுக்கி இறங்கியிருந்தது. "இனி அந்தக் காலை ஊன்றவே கூடாது" என்று சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, தாமதிக்காமல் அறுவை செய்து திருகாணி வைத்தார்கள். வளர்பருவத்தில், அதிலும் எடை கூடின பிள்ளைகளுக்கு, இது வருவது தெரிந்த விஷயம்தானாம். வலி முட்டியில் தெரியும், கோளாறு இடுப்பில் இருக்கும்.

எடை இதற்கு ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனால் எடை என்ற ஒரு வார்த்தை கிடைத்ததும் பரிசோதனை நின்றுபோனது. ஒல்லிப் பையன் ஒருவன் நொண்டினால் முதல் நாளே எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். என் மகன் நான்கு மாதம் அந்தக் காலில் நடந்தான்.

#12 பழைய_குண்டன்

சைக்கிள் அப்பா, பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

#13 சைக்கிள்_அப்பா

நடக்கிறான். ஒரு கால் கொஞ்சம் குட்டை. அடுத்த பக்கமும் வழுக்கலாம் என்று தொடர்ந்து பார்க்கிறார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஒரு தடவை கேட்டான், "இந்த டாக்டரும் திட்டுவாராப்பா?" என்று.

#14 நேர்ப்பேச்சு

எல்லாவற்றையும் படித்தேன். சில இடத்தில் நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடிந்தது.

22 கிலோ கதையை முழுதாகச் சொல்லவில்லை. முப்பது வயதுக்குள் 22-ம் திரும்பி வந்தது, மேலே ஓர் எட்டும் சேர்ந்து. அப்பாவுக்கு இப்போது 70 வயது. அவர் வீட்டுக்குப் போனால் நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன். "வேண்டாம்ப்பா, வயிறு நிறைஞ்சிருக்கு." இருபது வருடமாக அவர் முன்னால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அவர் கவனித்திருக்கிறாரா என்றுகூடத் தெரியாது.

ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. சர்க்கரை வரும், கல்லீரலில் கொழுப்பு சேரும், தூக்கத்தில் மூச்சு தடைபடும். இதெல்லாம் பொய்யா? யார் மனமும் நோகக் கூடாது என்று இதையும் சொல்லாமல் விடுவதா?

#15 இரவுப்பணி

பொய் இல்லை. சொல்ல வேண்டும், சிகிச்சையும் வேண்டும். தானாக வளர்ந்து சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2023-இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. அதே வழிகாட்டுதல் இகழ்ச்சியும் ஒரு தீங்கு என்று சேர்த்துச் சொல்கிறது. அவர்கள் சொல்லும் அடிப்படைச் சிகிச்சை என்ன தெரியுமா? மூன்று முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் குறைந்தது 26 மணி நேரம், குடும்பத்தோடு சேர்த்து, நேருக்கு நேர் வழிநடத்துவது. 12 வயதுக்கு மேல் தேவைப்பட்டால் மருந்து, 13 வயதுக்கு மேல் மிகக் கடுமையான நிலையில் அறுவை பற்றி ஆலோசனை. 26 மணி நேரத்தை "வாயைக் கட்டு" என்ற இரண்டு வார்த்தையில் முடித்துவிடப் பார்க்கிறோம், அதுதான் கோளாறு. (நிஜத்தில் 26 மணி நேரம் கொடுக்க எங்களிடம் ஆளும் இல்லை, இடமும் இல்லை. அது வேறு புலம்பல்.)

வாரம்தோறும் ஊசியாகப் போடும் எடை குறைப்பு மருந்தான செமாகுளூட்டைட் பற்றித் தனிச்செய்தியில் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 12 முதல் 17 வயதினரிடம் 68 வாரம் நடந்த சோதனையில் பி.எம்.ஐ. சராசரியாக 16 சதவீதம் இறங்கியது, அது பெரிய அளவுதான். குமட்டலும் வாந்தியும் உண்டு, நிறுத்தினால் எடை திரும்பும். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாத விஷயம். இந்த இழையில் அதைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

#16 மாடிப்படி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல முடியவில்லை.

கழுத்தைப் பற்றி முதலில் பேசினேன். இரவுப்பணி எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். "அது அழுக்கு இல்லையாம். அம்மாவுக்குத் தெரியல. தேய்ச்சு விட்டது தப்பு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கைபேசியை வாங்கித் தானே இன்னொரு தடவை படித்தாள். "அப்ப, நான் தினமும் ரெண்டு தடவை குளிச்சதெல்லாம் வேஸ்ட்டா?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது.

மருத்துவரைப் பார்த்தோம். எங்களுக்கு நல்லவராக அமைந்தார். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "உன் எடையைப் பத்தி இன்னிக்குப் பேசலாமா, இல்ல வேற நாள் வச்சுக்கலாமா?" என்று கேட்டார். 13 வருடத்தில் யாரும் அவளிடம் அனுமதி கேட்டதில்லை. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு "பேசலாம். ஆனா அம்மா நடுவுல பேசக் கூடாது" என்றாள். நான் பேசவில்லை. சத்தியமாக.

சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, நோய் என்ற அளவுக்குப் போகவில்லை. கல்லீரல் சரியாக இருக்கிறது. எடையைக் குறைப்பது பற்றி அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. தூங்கும் நேரம், இனிப்புப் பானங்கள், அவளுக்குப் பிடித்த ஏதாவது ஒரு ஆட்டம், எல்லாம் வீட்டில் உள்ள எல்லோருக்கும் என்றார். இனிப்புப் பானம் என்றதும் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து மகள் சிரித்தாள்.

உறவினர் ஒருவர் வந்திருந்தார். வழக்கம்போல "என்ன, இன்னும்" என்று ஆரம்பித்தார். "நம்ம வீட்டுல இப்ப யார் உடம்பைப் பத்தியும் பேசுறது இல்ல" என்றேன். கோபித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அடுத்து எப்போது வருவார் என்று தெரியாது. இதில் எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்றும் தெரியவில்லை, அவர் நல்ல மனிதர்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியவில்லை. நேற்றுக் காலை முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். சாயங்காலம் வரும்போது அவிழ்ந்திருந்தது. நான் கேட்கவில்லை.

#17 பழைய_குண்டன்

கேட்காதது சரி அக்கா. அவளாகச் சொல்லும்போது வீட்டில் இருங்கள்.

#18 பதினொன்றாம்_வகுப்பு

நான் பெரியம்மாவிடம் சொன்னேன். திங்கட்கிழமை அப்பாயின்ட்மென்ட். சைக்கிள் ஷார்ட்ஸ் சொன்னீர்களா ஆன்ட்டி?

#19 மாடிப்படி

சொன்னேன். இரண்டு வாங்கியாயிற்று. "யார் சொன்னது?" என்று கேட்டாள். "ஒரு அக்கா" என்றேன்.

#20 இரவுப்பணி

மாடிப்படி, எல்லைக்கோட்டில் சர்க்கரை என்றால் திரும்பப் பார்க்க ஒரு தேதி கொடுத்திருப்பார்கள். அதை மறந்துவிடாதீர்கள், காலண்டரில் குறித்து வையுங்கள். பதினொன்றாம் வகுப்பு, திங்கட்கிழமை போகும்போது அந்த நான்கு மாதத்தில் என்றைக்கு என்ன சாப்பிட்டாய், எப்போது மயக்கம் வந்தது என்று ஞாபகம் இருப்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. அங்கே உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும்.